ஏடும் அதைப் படிக்கும் கருவியும்



ஒரு செய்தியைக் காப்பாற்றுதல் என்றால், அது எழுதப்பட்ட பொருளைக் காப்பாற்றுதலே என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். ஓலையைச் செல் அரிக்காமற் பார்த்துக்கொண்டால் நூல் பிழைக்கும். கல்வெட்டின்மேல் சுண்ணாம்பு பூசாதிருந்தால் வரலாறு பிழைக்கும். இந்த எண்ணம் நெடுங்காலம் பொருத்தமாகவே இருந்தது. ஏனெனில், ஓலைக்கும் கல்லுக்கும் வேண்டுவன காணும் கண்ணும் எழுத்தறிவும் மட்டுமே. கண்ணாற் படிக்க முடியாத ஏடுகளை மனிதன் படைத்த பின்னரோ, நிலைமை மாறிவிட்டது. அந்த ஏடுகளின் வரலாற்றையே இன்று நோக்குவோம்.

இதனை ஆத்தூர்ப் பகுதி மாணவர்களுக்கு விளக்கத் தொலைவிற் செல்ல வேண்டியதில்லை. ஆத்தூருக்கு அண்மையிலுள்ள சின்னாளப்பட்டி நெசவுக்குப் பெயர் பெற்ற ஊர். தறியின் தலைமேற் பொருத்தப்படும் ஜக்கார்டு பெட்டியை நெசவுத்தொழில் அறிந்தவர் அறிவர். பிரான்சு நாட்டு லியோன் நகரத்தவரான ஜோசப் மரீ ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த பொறி அது. துளையிட்ட அட்டைகள் சங்கிலிபோற் கோக்கப்பட்டு, ஒவ்வொன்றாகப் பெட்டியின் முன் வந்து நிற்கும். துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு நூல் மேலெழும். துளையில்லாத இடத்தில் நூல் கீழேயே நிற்கும். இவ்வாறே சேலையிற் பூவும் மயிலும் உருவாகின்றன.

அந்த அட்டையைக் கையிலெடுத்து உற்று நோக்கினால் மயில் தெரியுமா? தெரியாது. எந்த அளவுப் பெட்டிக்கென வெட்டப்பட்டதோ, அந்த அளவுப் பெட்டியில் மாட்டினால்தான் பூ விழும். அட்டைக் கட்டு பரணிற் பத்திரமாக இருந்தும், பெட்டி பழைய இரும்புக் கடைக்குப் போய்விட்டால், அந்த மயில் பறந்து போனதாகவே கொள்ள வேண்டும்.

கணிப்பொறி இந்தத் துளை அட்டையின் வழித்தோன்றல். அமெரிக்காவில் 1890-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கைத் துளை அட்டைகளின் துணைகொண்டு ஹொலரித் என்பவரின் பொறிகள் எண்ணி முடித்தன. கல்கத்தாவிலிருந்த இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு 1955-இல் ஒரு கணிப்பொறி வந்தது. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும், 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யிலும் ஐ.பி.எம். நிறுவனத்தின் பொறிகள் இடம் பெற்றன. அட்டையும் காந்த நாடாவுமே அக்காலத்து ஏடுகள்.

இங்கு நம் நாட்டு வரலாற்றில் ஒரு சோதனை நேர்ந்தது. 1973-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், அயல்நாட்டு நிறுவனங்கள் தம் பங்கைக் குறைத்துக்கொள்ள வேண்டுமென்று விதித்தது. அதற்கு இசையாத ஐ.பி.எம். 1978-இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. பொறிகள் இங்கேயே நின்றன. அவற்றைப் பழுது பார்த்தவர்களின் நிறுவனம் போய்விட்டது. அரசு 1975-இல் தொடங்கியிருந்த கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் அப்பணியை ஏற்றது. புதிய பொறி செய்வதே பெருமை என்று கருதப்படும் உலகில், பழைய பொறியை ஓடச் செய்வதும் ஒரு நாட்டுப்பணி என்பதை நம் பொறியாளர்கள் காட்டினர்.

பின்னர் வந்தது ஃபிளாப்பி என்னும் நெகிழ்வட்டு. இரும்பு ஆக்சைடு பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தட்டு அது. 1971-இல் எட்டு அங்குல அளவில் விற்பனைக்கு வந்தது; பிறகு ஐந்தேகால் அங்குலம், மூன்றரை அங்குலம் எனச் சுருங்கியது. ஒன்றுக்குரிய டிரைவில் மற்றொன்று நுழையாது. 2011-இல் சோனி நிறுவனம் ஜப்பானில் இதன் விற்பனையை நிறுத்தியது. தட்டின் பூச்சு உதிரும். ஈரக் காற்றிற் பூஞ்சை பற்றும். டிரைவிலும் ரப்பர் வார் இற்றுப்போகும்; படிக்கும் முனையில் அழுக்கேறும். ஆகவே ஏடும் நலிகிறது, கருவியும் நலிகிறது.

கருவியைக் காத்ததனால் விளைந்த பயனுக்கு ஓர் எடுத்துக்காட்டு காண்போம். 1966, 1967-ஆம் ஆண்டுகளில் அமெரிக்கா ஐந்து லூனார் ஆர்பிட்டர் விண்கலங்களை அனுப்பிச் சந்திரனைப் படம் பிடித்தது. படங்கள் காந்த நாடாக்களிற் பதிவாயின. அவற்றைப் படிக்கவல்ல ஆம்பெக்ஸ் பொறிகளோ கழிக்கப்பட்டன. நான்சி எவன்ஸ் என்னும் அம்மையார் நாடாக்களை அழிய விடவில்லை. நான்கு பொறிகளையும் தேடிப் பெற்றுத் தம் வீட்டுக் கார்க்கொட்டகையிற் பல ஆண்டுகள் வைத்திருந்தார். அப்பொறிகளைச் செப்பனிட்டு, 2008-இல் முதற் படத்தை மீட்டனர். சந்திரனுக்கு அருகிலிருந்து 1966 ஆகஸ்டு 23-இல் எடுத்த பூமியின் படம் அது. முன்பு வெளியானதைவிடத் தெளிவாகப் புலப்பட்டது.

இங்கிலாந்திலோ கதை வேறு. 1086-இல் தோலில் எழுதிய டூம்ஸ்டே நிலக்கணக்கை இன்றும் படிக்கலாம். அதன் தொள்ளாயிரமாவது ஆண்டையொட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் பள்ளி மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு தம் நாட்டைப் பற்றிய செய்திகளைத் திரட்டி லேசர் வட்டுகளிற் பதித்தது. பதினைந்தே ஆண்டுகளில் அவ்வட்டுகளைப் படிக்கும் பொறி அரிதாயிற்று. புதிய கணிப்பொறியைப் பழையதுபோல் நடிக்கச் செய்து, 2002-ஆம் ஆண்டளவில் ஆராய்ச்சியாளர் அச்செய்திகளை மீட்க வழி கண்டனர்.

தமிழுக்கு மற்றுமோர் இடர் உண்டு. 1990-களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் அளித்தது. ஆதலின் வட்டு படிக்கப்பட்டாலும், உரிய எழுத்துரு இல்லையேல் திரையிற் பொருளற்ற குறிகளே தோன்றும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாடு பொதுவான அமைப்புகளை வகுக்க முயன்றது. 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிக்கோடு முறையை ஏற்றது. 1998-இல் தோன்றிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள், தாம் தட்டெழுதிய பழந்தமிழ் நூல்களைக் காலந்தோறும் புதிய முறைக்கு மாற்றி வந்தனர். அதனாலேயே அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன.

இது நம் முன்னோர் அறியாத நெறியன்று. ஓலை சில நூற்றாண்டுகளில் இற்றுப்போகும் என்பதை அறிந்து, பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதி வைத்தனர். அவ்வாறு பெயர்த்தெழுதிய கைகள் இல்லையேல், உ. வே. சாமிநாதையர் 1892-இல் சிலப்பதிகாரத்தை அச்சேற்றுதற்கு ஏடு ஏது?

எனவே, பழைய கணிப்பொறியைப் பேணுவது பழம்பொருள் மீதுள்ள ஆசையால் மட்டுமன்று. அது ஓடும் நாள்களுக்குள் அதன் ஏடுகளைப் பெயர்த்தெழுதிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே. பள்ளியின் அலமாரியிலோ, கூட்டுறவுச் சங்கத்தின் பெட்டியிலோ ஒரு நெகிழ்வட்டு கிடைத்தால், குப்பையென்று எறியாதீர்கள். அதில் ஓர் ஊரின் கணக்கோ, ஒருவர் எழுதிய நூலோ உறங்கலாம். ஓலைக்கு நூற்றாண்டுகள் தவணை இருந்தது. இவற்றுக்கு அத்தனை தவணை இல்லை.