மகளின் வளவு: காரைதீவுக் கரையோரத்தில் நிலமும் தாய்வழியும்

இலங்கையின் கிழக்குக் கரையில் கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிப் பிரதான வீதியால் போகும் வெளியூரவருக்கு ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாது. கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, நிந்தவூர் என்று பெயர்ப்பலகைகள்தாம் மாறும். வீடுகள் மதிலோடு மதிலாகத் தொடரும். இவற்றுள் காரைதீவு தமிழ் இந்து ஊர். சுவாமி விபுலானந்தர் 1892இல் பிறந்தது இங்கேதான். வடக்கிலும் தெற்கிலும் முஸ்லிம் ஊர்கள்; மேற்கே வயல்வெளிக்கு அப்பால் சம்மாந்துறையும் அப்படியே. கோயிலும் பள்ளிவாசலும் வேறு, கலியாணச் சடங்கு வேறு, அரசியலில் சந்தேகமும் மோதலும் நிறைய. ஆனால் கலியாணமான பெண் எங்கே குடியிருப்பாள் என்று கேட்டால் இந்த ஊர்கள் எல்லாவற்றிலும் ஒரே பதில்தான் கிடைக்கும்: பெற்றோர் கொடுத்த வீட்டில், பெரும்பாலும் தாய்வீட்டுக்கு அருகிலேயே. மாப்பிள்ளைதான் வந்து சேர்பவர்.

இதைப் பழைய தாய்வழிச் சமூகத்தின் எச்சம் என்று சொல்லிக் கடந்துபோவது வழக்கம். எச்சம் என்றால் தேய்ந்துகொண்டு போயிருக்க வேண்டும். இங்கே சட்டம் மாற மாற வழக்கம் வேறு உருவெடுத்து இறுகியிருக்கிறது. அந்த உருமாற்றத்தைக் காலவரிசையில் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் நிலம். கிழக்கே கடல், மேற்கே களிமண் வயல். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் திட்டி. ஐப்பசியில் தொடங்கித் தை வரை வாடைக்காற்றுக் கொண்டுவரும் மாரி மழையில் வயல்வெளி வெள்ளக்காடாகும். திட்டியிலோ தண்ணீர் நிற்காமல் மணலுக்குள் இறங்கிவிடும். சில முழம் தோண்டினாலே குடிக்கத்தக்க நீர் ஊறும், தென்னையும் நன்றாகக் காய்க்கும். எனவே வீடு திட்டியில், வேளாண்மை மேற்கே வட்டையில், கரைவலையும் தோணியும் கிழக்கே கடற்கரையில் என்று வாழ்க்கை மூன்று கீற்றுகளாகப் பிரிந்தது. வயல் வெட்டிப் பெருக்க இடம் இருந்தது. திட்டியைப் பெருக்க வழியில்லை. இந்த ஊர்களில் வயலைவிட வீட்டு வளவுக்கே மவுசு அதிகமாக இருப்பதன் வேர் இங்கே இருக்கிறது.

இத்திட்டியில் குடியேறியோர் தங்களைக் குடிகளாக வகுத்துக்கொண்டனர். குடி தாய்வழியாக வரும். ஒரே குடிக்குள் கலியாணம் கூடாது. மட்டக்களப்புப் பகுதியில் நெடுங்காலம் அதிகாரம் செலுத்திய முக்குவரோடும், அவர்கள் வழியாகக் கேரளக் கரையோடும் இம்முறையை ஆய்வாளர் தொடர்புபடுத்துவர். 1626இல் போர்த்துக்கேயர் தம் துறைமுகங்களிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான். அதற்கு முன்பே இங்கு முஸ்லிம்கள் இருந்தனர் என்பதும், திமிலர் என்ற மீனவச் சமூகத்தாருக்கு எதிரான போரில் முக்குவருக்கு உதவி, அவர்களிடம் பெண் கொண்டனர் என்பதும் வாய்மொழி வரலாறு. அந்தக் கதையின் உண்மை எப்படியிருப்பினும் அதன் விளைவு கண்முன்னே நிற்கிறது: முஸ்லிம்களுக்கும் தாய்வழிக் குடிகள் உண்டு. இந்துக் கோயிலில் குடிக்கு உரிய அறங்காவலராக வண்ணக்கர் இருந்தது போலவே பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்காயர் இருந்தார். வி. சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ (1964) தமிழர் பக்கத்து மரபுகளை விரிவாகப் பேசுகிறது. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இரு சமூகத்தாரையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார். அவர் எழுதியவற்றுள் எனக்குப் பயன்மிக்கதாகப் படுவது குடிப்பெயர்ப் பட்டியல் அல்ல. வீடு கைமாறும் விதம் பற்றிய பகுதியே.

பழைய முக்குவர் சட்டத்தில் பரம்பரைச் சொத்தாகிய முதுசம் மகனுக்குப் போகாது. சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். மருமக்கள் தாயம் என்று மலையாளத்தார் சொல்வதும் இதைத்தான். கிறிஸ்தோபர் பிரிட்டோ இச்சட்டத்தைப் பற்றிக் கொழும்பில் ஒரு நூல் வெளியிட்ட ஆண்டு 1876. அதே ஆண்டில்தான் திருமண உரிமைகள், மரபுரிமை பற்றிய 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வந்தது. கண்டியச் சட்டம், வடபுலத் தமிழரின் தேசவழமை, முஸ்லிம் சட்டம் ஆகியவற்றுக்கு உட்படாதவர்கள் பொதுச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். கிழக்குத் தமிழரும் அதில் அடக்கம். முஸ்லிம்களின் வாரிசுரிமையோ 1806ஆம் ஆண்டு முகமதியர் சட்டக்கோவை முதற்கொண்டே இஸ்லாமிய விதிப்படி எழுதப்பட்டிருந்தது; அதன்படி மகளுக்கு மகனின் பங்கில் பாதி. ஏட்டில் பார்த்தால் இரு சமூகத்தாருக்கும் தாய்வழி உரிமை பத்தொன்பதாம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது.

ஊரார் என்ன செய்தார்கள்? சாவுக்குப் பிறகு பிரிக்கவேண்டியதைக் கலியாணத்தின்போதே கொடுத்துவிட்டார்கள். வாரிசுரிமைச் சட்டம் ஒருவர் இறந்த பிறகு எஞ்சியதைத்தான் தொடும். உயிரோடிருக்கும் தகப்பனும் தாயும் மகளுக்கு வீட்டையும் வளவையும் சீதன உறுதி எழுதிக் கொடுத்தால் எந்தச் சட்டமும் குறுக்கே நிற்காது. இஸ்லாமியச் சட்டமும் வாழுங்காலத்துக் கொடையாகிய ஹிபாவை ஏற்கிறது. எனவே மாமன்–மருமகன் வழியில் ஓடிய உரிமை தாய்–மகள் வழிக்கு மாறியது. அது பெண்ணின் கையை வலுப்படுத்திய மாற்றமே. ஆனால் இலவசமாக வரவில்லை. வீடில்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை என்ற நிலையும் கூடவே வந்தது.

கேரளத்தோடு ஒப்பிட்டால் வித்தியாசம் துலங்கும். அங்கே தறவாடு என்ற கூட்டுச் சொத்தைச் சட்டங்கள் படிப்படியாகக் கரைத்தன. 1976இல் நடைமுறைக்கு வந்த சட்டம் அதன் கடைசித் தூணையும் எடுத்தது. கூட்டுச் சொத்து போனதும் அதைச் சுற்றியிருந்த தாய்வழி முறையும் சரிந்தது. மேற்குச் சுமாத்திராவின் மினாங்கபாவ் முஸ்லிம்கள் வேறொரு வழி கண்டனர்: பரம்பரை நிலம் தாய்வழி, சொந்தத் தேட்டம் மார்க்கச் சட்டப்படி என்று பிரித்துக்கொண்டார்கள். நம் கரையோரத்தார் பிரிக்கவும் இல்லை, சரியவும் இல்லை. உரிமை கைமாறும் நாளை மட்டும் முன்னுக்குத் தள்ளினார்கள். தமிழ்நாட்டுக் காயல்பட்டினத்திலும் முஸ்லிம் மாப்பிள்ளை பெண்வீட்டுக்குப் போகிறவரே என்பதை இங்கே சேர்த்து நினைக்கலாம்.

ஒரு வளவு எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள். மூத்த மகளுக்குக் கலியாணம் முற்றானதும் பெரிய வீடு அவளுக்கு. பெற்றோர் இளைய பிள்ளைகளோடு அதே வளவில் வேறொரு வீடு போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். இரண்டாமவளுக்கு அந்த வீடு. கடைசி மகளின் முறை வரும்போது கிழவனும் கிழவியும் அவளோடு ஒட்டிக்கொள்வார்கள், அல்லது பின்பக்கத்தில் ஒரு சாய்ப்பு. சகோதரிகளின் வீடுகளுக்கு நடுவே கிடுகு வேலி. வேலியில் ஒரு கடப்பு. எல்லையில் இருக்கும் கிணறு இரு வீட்டுக்கும் பொது. அக்காவின் பிள்ளை சின்னம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொள்ளும். மாப்பிள்ளைமார் வெவ்வேறு குடிகளிலிருந்து வந்த விருந்தாளிகள் போல நடமாடுவார்கள், அவர்கள் உழைப்பில்தான் சோறு வேகிறது என்றாலும். இன்னொரு பக்கம், தங்கைக்கு வீடு கட்டி முடிக்காமல் அண்ணன் கலியாணம் பேசுவது அழகில்லை. 1970களின் பிற்பகுதி முதல் மத்திய கிழக்குக்குப் போன இளைஞர்களின் காசு எத்தனையோ வீடுகளின் சுவரானது இப்படித்தான்.

இருபதாம் நூற்றாண்டில் மேற்கே இன்னொரு மாற்றம் நடந்தது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் உருவானது. கீழே இருந்த தமிழ், முஸ்லிம் விவசாயிகளின் வயல்களுக்கும் வாய்க்கால் வந்தது. மேலே குடியேற்றக் கிராமங்கள் எழுந்து இனப்பரம்பல் மாறியது. 1961இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாயிற்று. அரசியல் விளைவுகள் பெரியவை, அவை பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. நம் பொருளுக்கு வேண்டியது ஒன்று: அரசு கொடுத்த காணி 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்தது. அதைத் துண்டாக்க முடியாது. பின்னுரிமை ஒருவருக்கே, உரித்தாளர் வரிசையில் அன்று ஆண்பிள்ளைகளே முன். மகள்மாருக்குப் பிரித்துக் கொடுத்தே பழகிய ஊருக்கு இது தலைகீழான ஏற்பாடு.

ஆனாலும் அந்தக் காணிகள் தொலைவில் இருந்தன. திட்டியில் தனியார் உறுதிதான் செல்லும். அரசுச் சட்டம் திட்டிக்குள்ளேயே வந்தது 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தனர். மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரை நெடுகிலும் கடலோர வரிசை வீடுகள் தரைமட்டமாயின. அவை மகள்மாருக்கு எழுதிய, அல்லது எழுதவிருந்த வீடுகள். கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு அறிவித்தது. இத்தனை ஒடுங்கிய திட்டியில் 200 மீற்றர் என்பது ஊரின் கணிசமான பங்கு. பின்னர் அந்த வரம்பு தளர்த்தப்பட்டது. அதற்குள் பலர் உள்ளே, வயலை நிரப்பி எழுந்த குடியேற்றங்களுக்குப் பெயர் கொடுத்துவிட்டனர். அங்கே கிடைத்தது அரச காணி. படிவத்தில் கேட்டது ‘குடும்பத் தலைவர்’ பெயரை. கடலோரத்தில் மனைவியின் சீதனமாக இருந்த வீட்டுக்கு மாற்றாகக் கிடைத்த வீடு பல இடங்களில் கணவன் பெயரில் பதிவானது. கூட்டு உரிமை கேட்டுப் பெண்கள் அமைப்புகள் குரல் கொடுத்தன. ஒரு வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கும் உதைத்தது: ஒரே வளவில் மூன்று மகள்மாருக்கு இடம் வைத்திருந்த தாய்க்குக் கிடைத்தது ஒன்றுதான். மக்கில்வ்ரேயும் பற்றிசியா லோரன்சும் சுனாமி வீடமைப்புப் பற்றி எழுதிய ஆய்வுக்குச் சீதனக் கனவு என்ற பொருளில் தலைப்பிட்டது காரணமில்லாமல் அல்ல.

சீதனத்துக்கு எதிரான பிரசாரமும் இப்போது இந்த ஊர்களில் உண்டு, குறிப்பாக மார்க்கச் சீர்திருத்தம் பேசுவோரிடம். மாப்பிள்ளை மஹர் என்னும் மணக்கொடை கொடுக்க வேண்டியவன், வீடு வாங்கக் கூடாதவன் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம், மகளுக்கு வீடில்லையே என்று கலங்கும் ஏழைத் தாய்க்கு அது ஆறுதலும்கூட. ஆயினும் வீடு பெண் பெயரில் இருப்பது வேறு, அதைக் கலியாணத்தின் விலையாகக் கேட்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கி ஒழித்தால் இழப்பு பெண்ணுக்கே. பிரசாரம் ஒருபுறமிருக்க, இடம் தீர்ந்த வளவுகளில் மகள்மாருக்கென்று மாடி எழுகிறது.

1935ஆம் ஆண்டுச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு ஆண் முன்னுரிமை நீக்கப்பட்டது. ஆணோ பெண்ணோ, பிள்ளைகளில் மூத்தவருக்கு இனிப் பின்னுரிமை. கொழும்பிலிருந்து பார்த்தால் சமத்துவம்தான். காரைதீவில் மூத்த மகள் தன் வீட்டை வாங்கிக்கொண்டு எப்போதோ தனிக்குடித்தனம் தொடங்கியிருப்பாள். தாய் தகப்பனை வைத்துப் பார்க்கிறவள் கடைசி மகள்.