பழவேற்காடு: வணிகம் விட்டுச் சென்ற அமைதி

திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், உவர்நீர் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒதுங்கிக் கிடக்கும் பழவேற்காட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் அமைதியைப் பாராட்டியே தொடங்குவர். அவ்வமைதி அவ்வூரின் இயல்பு என்று கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. அது பின்னால் வந்து சேர்ந்தது.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கரையைப் பற்றி எழுதிய போர்த்துகீசியரான துவார்த்தே பார்போசா, முஸ்லிம் வணிகரும் இந்து வணிகரும் நிறைந்த விஜயநகரத் துறைமுகமாக இதனைக் குறிப்பிடுகிறார். இங்கிருந்து மலாக்காவுக்கும் பெகுவுக்கும் சென்ற சரக்குகளுள் முதன்மையானது பருத்தித் துணி. மலாய் மக்கள் இன்றும் தொழுகைக்கு உடுத்திச் செல்லும் கைலிக்குக் ‘காயின் பெலிக்கட்’ என்று பெயர். நம்மவர் ‘பளையகட்’ என்பதும் அதுவே. இரண்டும் பழவேற்காட்டின் பெயரிலிருந்து கிளைத்தவை. ஊரை அறியாதவர் இடுப்பிலும் ஊரின் பெயர் இருக்கிறது.

டச்சுக்காரர் 1610-இல் இங்கே பண்டகசாலை அமைத்தனர். 1612-இல் போர்த்துகீசியர் அதனைத் தாக்கவே, மறு ஆண்டில் கெல்டிரியாக் கோட்டை எழுந்தது. வெடிமருந்து செய்யும் ஆலையும் இயங்கியது. துணியோடு மனிதரும் சரக்காயினர் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. சோழமண்டலக் கரையைப் பஞ்சம் வாட்டிய ஆண்டுகளில் விலைக்கு வாங்கப்பட்ட ஏழைகள் ஆயிரக்கணக்கில் இக்கரைத் துறைகளிலிருந்து படேவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். பழவேற்காட்டின் பழம்பெருமை பேசுவோர் இப்பக்கத்தை விரைந்து புரட்டிவிடுகின்றனர்.

1639-இல் ஆங்கிலேயர் சென்னையில் கால் ஊன்றினர். 1690-இல் டச்சுக்காரர் தம் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினர். 1781 முதல் ஊர் பலமுறை கைமாறியது. 1806-இல் ஆங்கிலேயர் கோட்டையைத் தகர்த்தனர். 1825-இல் எஞ்சியதும் அவர்கள் வசமாயிற்று. பின்னர் இருப்புப்பாதை வந்தது. 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை நோக்கிச் சென்ற பாதை திருநின்றவூர் வழியே போயிற்று. கடலையே காணாத திருநின்றவூர் அப்பாதையின் பயனால் நகரோடு இணைந்தது. கடலால் வாழ்ந்த பழவேற்காட்டுக்கோ இரயில் நிலையம் இன்றும் பொன்னேரியில்தான். ஊர்கள் ஓய்வதற்கு எதிரியின் பீரங்கி தேவையில்லை. பாதை விலகினால் போதும்.

இந்த ஓய்வுக்குப் பின்னர் அங்கே நிலைத்த வாழ்வுதான் நாம் ஆராயத்தக்கது. அதற்கு நல்ல சான்று சின்னப் பள்ளிவாசலில் உள்ள சூரியக் கடிகாரம். பழவேற்காட்டின் அட்சரேகையில் ஆண்டுக்கு இருமுறை, ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுப்பகுதியிலும், சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வரும். அந்நாட்களில் நட்ட கோலுக்கு நண்பகல் நிழலே இராது. அவ்விரு நாட்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழும்; மற்ற மாதங்களில் வடக்கே விழும். நண்பகல் நிழலின் அளவைக் கழித்து, எஞ்சும் நிழல் பொருளின் உயரத்துக்குச் சமமாகும்போது அஸர் வக்து நுழைகிறது என்பது கடற்கரை மரைக்காயர் பெரிதும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பிரபலமான கூற்றுப்படி அது இரு மடங்காதல் வேண்டும். ஆகவே வக்தை நிழலால் அறிய முற்பட்டவர் ஃபிக்ஹை மட்டுமன்றி, தம் ஊரின் வானத்தையும் கற்றிருக்க வேண்டியவராயிருந்தார். அச்சிட்ட நாட்காட்டியைப் பார்த்துத் தொழும் நம் மாணவர்களுக்கு இக்கணக்கை விளக்கப் பெரும்பாடு படவேண்டியிருக்கிறது.

கப்பல் வணிகம் போன பின்னர் முஸ்லிம் பெண்டிரின் கைத்தொழிலாகப் பனையோலைப் பின்னல் நிலைபெற்றது. வீட்டு முற்றத்தில் அமர்ந்து முடையும் பெட்டிகளும் கூடைகளும் சென்னைக் கடைகள் வரை செல்கின்றன. ஏரியில் மீன்பிடிப்போரிடமோ ‘பாடு’ எனும் முறை உண்டு. மீன் கிடைக்கும் நீர்ப்பரப்பை இன்ன நாளில் இன்னார் வலையிடுவது என முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். குறைந்த வளத்தைச் சண்டையின்றிப் பங்கிடும் இவ்வொழுங்கை வணிகச் செழிப்புக் காலத்தின் எந்த ஒப்பந்தத்தைவிடவும் நான் உயர்வாகவே மதிக்கிறேன்.

மண்டையோடு செதுக்கிய டச்சுக் கல்லறைகளை மத்தியத் தொல்லியல் துறை காத்து வருகிறது; அது முறையே. ஆனால் நம் கடற்கரை ஊர்களில் குடும்பப் பெட்டிகளில் கிடக்கும் அரபுத் தமிழ் ஏடுகளுக்குக் காவலர் இல்லை. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அரபு எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளியும் கோடும் இட்டு அமைத்த அவ்வெழுத்தைத் தடையின்றி வாசிப்போர் பெரும்பாலும் முதியவர்கள். கல்லறைகளைக் கொண்டு டச்சுக்காரரின் பழவேற்காட்டை எழுதிவிடலாம். மரைக்காயரின் பழவேற்காட்டை அவ்வேடுகளின்றி எழுத இயலாது.

அமைதியும் இனி உறுதியன்று. வடக்கே, ஏரிக்கு அப்பால், 1971 முதல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் எழுகின்றன. தெற்கே 2001-இல் எண்ணூர்த் துறைமுகமும் 2013-இல் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இயங்கத் தொடங்கின. காட்டுப்பள்ளியை விரிவாக்கும் திட்டம் கரையை அரிக்கும், ஏரியின் முகத்துவாரத்தைப் பாதிக்கும் என்று மீனவர் எதிர்த்து வருகின்றனர். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் ஏரிக்குள் கடல்நீரும் இறாலும் நுழையா. முறைவைத்துப் பகிர்வதற்கு ஒன்றும் இராது. நானூறு ஆண்டுகளுக்கு முன் பெருவணிகம் இவ்வூரைத் தேடி வந்தது. இப்போது வந்திருப்பது ஊரை ஒட்டி நிற்கிறது.