அயோவா பல்கலைக்கழக மல்யுத்த அணி

அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1975 வரை தேசியக் கல்லூரி மல்யுத்தப் பட்டம் வென்றதில்லை. அதுவரை அம்மாநிலத்தில் முன்னணியில் இருந்தது, அண்டைப் போட்டியாளரான அயோவா மாநிலப் பல்கலைக்கழகமே. அங்குப் படித்த டேன் கேபிள், 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரு புள்ளியும் விட்டுக்கொடுக்காமல் தங்கம் வென்றார். அதே ஆண்டில் பயிற்சியாளர் கேரி கர்டெல்மையர் அவரைத் தம் உதவியாளராக்கினார். 1975, 1976 பட்டங்களுக்குப் பின் கேபிள் தலைமைப் பயிற்சியாளர் ஆனார்.

கல்லூரி மல்யுத்தத்தில் பத்து எடைப்பிரிவுகளின் புள்ளிகளும் சேர்ந்தே அணியின் வெற்றியைத் தீர்மானிக்கின்றன. ஒரு நட்சத்திர வீரர் மட்டும் போதாது. படிப்பு முடிந்ததும் வீரர்கள் விலகுவதால், ஆண்டுதோறும் புதியவர்களைச் சேர்க்கவும் வேண்டும். உள்ளூர் வீரர்களுடன் நியூயார்க் மாநிலத்தின் எட் பனாக், லூ பனாக் இரட்டையரும், தெற்கு டகோட்டாவின் ராண்டி லூயிசும் அணிக்கு வந்தனர். பட்டம் பெற்ற மூத்தவர்களும் அங்கேயே தங்கிப் பயின்றதால், புதியவர்கள் நாள்தோறும் தம்மினும் வலியோருடன் மோத நேர்ந்தது. 1978 முதல் 1986 வரை அணி தொடர்ந்து ஒன்பது பட்டங்களை வென்றது. அம்மூவரும் 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்றனர்.

பத்தாவது பட்டத்தை 1987இல் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் தட்டிப் பறித்தது. அடுத்த மூன்றாண்டுகளும் பட்டம் கிட்டவில்லை. மீண்டும் 1991இல் வென்ற அணி, 1997இல் கேபிளின் பதினைந்தாவது பட்டத்தைப் பெற்றது.

அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜிம் சலெஸ்கி, டாம் பிராண்ட்ஸ் இருவரும் அவரிடம் பயின்றவர்கள். இருவரும் பயிற்சியாளர்களாகத் தேசியப் பட்டம் வென்றனர். ஒருவரின் திறமையாகத் தொடங்கியது, இவ்வாறு ஒரு பயிற்சி மரபாக நிலைத்தது.