நிலைத்த ஆட்சியும் நிலைத்த நாடும்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு ஏறும் சாலையில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. சாலையின் அடியில் உள்ள ஊர் 1965 ஆம் ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது துப்பாக்கிச் சூட்டைக் கண்டது. மேலே உள்ள ஊரைச் சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டங்களில், இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்டு 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர் பெற்ற குடும்பங்கள் வாழ்கின்றன. அவர்களுள் பெரும்பாலோர் இலங்கையிலேயே பிறந்தவர்கள். தாம் 'திரும்பிய' நாட்டை அதற்குமுன் கண்டறியாதவர்கள். இரு நாடுகளின் அரசியல் அமைப்புகள் நம் கோவை மாவட்டத்தில் பதித்துச் சென்ற தடங்கள் இவை. இரண்டையும் ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வகுப்பறையிலும் தேநீர்க் கடையிலும் நாம் அடிக்கடி கேட்கும் ஏக்கம் ஒன்று உண்டு. நமக்கு ஏன் உறுதியான ஒரு தலைமை வாய்க்கவில்லை, கூட்டணிகளும் கட்சித் தாவல்களும் இல்லாத நிலைத்த ஆட்சி ஏன் அமையவில்லை என்பதே அது. இவ்வினாவில் ஆட்சியின் நிலைப்பும் நாட்டின் நிலைப்பும் ஒன்றெனக் கொள்ளப்படுகின்றன. வள்ளுவர் அவ்வாறு கொள்ளவில்லை. ஆள்வோனைப் பற்றி 'இறைமாட்சி' என 39 ஆம் அதிகாரத்திலும், 'நாடு' பற்றி 74 ஆம் அதிகாரத்திலும் தனித்தனியே பேசினார். இவ்விரண்டும் வேறானவை என்பதற்கு அண்மைக்கால வரலாற்றில் இந்தியாவையும் இலங்கையையும் விடச் சிறந்த சான்று இல்லை.

1948 இல் நின்று பார்த்த ஒருவர், எந்த நாடு நிலைக்கும் என்ற வினாவுக்குத் தயங்காமல் இலங்கை என்றே விடை சொல்லியிருப்பார். அங்கே 1931 இலேயே வயது வந்தோர் வாக்குரிமை வந்துவிட்டது. தோட்டத் தொழிலாளருள் ஒரு பகுதியினரும் கட்டுப்பாடுகளுடன் அதைப் பெற்றிருந்தனர். கல்வியறிவில் அத்தீவு நம்மினும் முன்னின்றது. ஆட்சி மாற்றம் இரத்தம் சிந்தாமல் நிகழ்ந்தது. இந்தியாவோ பிரிவினையின் இரத்தத்தில் பிறந்தது. ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள், எண்ணற்ற மொழிகள், பெரும்பாலும் எழுத்தறியாத மக்கள். இந்நாடு சிதறிவிடும் என்று ஆரூடம் கூறியோர் பலர்.

ஆயினும் இலங்கை நாடாளுமன்றம் முதலாண்டிலேயே இயற்றிய 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்து வந்த தேர்தல் சட்டத் திருத்தத்தால் அவர்களின் வாக்கும் பறிபோயிற்று. 1947 தேர்தலில் உறுப்பினர்களை அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸ், 1952 தேர்தலில் ஒருவரைக்கூட அனுப்ப இயலவில்லை. சிறுபான்மையினருக்கு எதிராகச் சட்டம் இயற்றலாகாது என்னும் 29 ஆம் பிரிவு அரசியலமைப்பில் இருந்தது. வழக்கு பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1953 இல் குடியுரிமைச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று.

மொழிச் சிக்கல் இரு நாடுகளையும் தாக்கியது. இலங்கையில் 1956 இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்னும் சட்டம் வந்தது. ஒரே மொழி என்றால் இரு நாடுகள் பிறக்கும் என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தவர் இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா. 1957 ஜூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் உடன்படிக்கை செய்தனர். 1958 ஏப்ரலில் பிக்குகள் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்ததும் அது கைவிடப்பட்டது. 1965 மார்ச்சில் டட்லி சேனநாயக்காவுடன் செய்த உடன்படிக்கையும் அவ்வாறே கைவிடப்பட்டது. 1972 இல் 29 ஆம் பிரிவே இல்லாத புதிய அரசியலமைப்பு வந்தது. அதை வரைந்த அமைச்சர், 1956 இல் எச்சரித்த அதே கொல்வின் ஆர். டி சில்வா என்பது வரலாற்றின் கசப்பு.

இந்தியாவில் 1965 ஜனவரி 26 முதல் இந்தியே முதன்மை ஆட்சிமொழி என்ற நிலை வந்தபோது தமிழகம் கொந்தளித்தது. பிப்ரவரி 11 அன்று நடுவணமைச்சர்கள் இருவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். ஒருவர் ஓ.வி. அளகேசன், மற்றவர் பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியம். குடியரசுத் தலைவர் இராதாகிருஷ்ணன் அக்கடிதங்களை ஏற்க இணங்கவில்லை. நேருவின் வாக்குறுதி காக்கப்படும் என்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் உரையாற்றினார். மறுநாளே, பிப்ரவரி 12 அன்று, பொள்ளாச்சியில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அங்கு இறந்தோர் எத்தனை பேர் என்பதில் அரசின் கணக்கும் ஊராரின் கணக்கும் இன்றளவும் ஒத்துப்போகவில்லை. ஆகவே, இந்தியா இரத்தமின்றி விட்டுக்கொடுத்தது என்று நாம் எழுத இயலாது. ஆனால் விட்டுக்கொடுத்தது. 1967 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், இந்தி பேசாத மாநிலங்கள் இசையும் வரை ஆங்கிலம் நீடிக்கும் என்பதைச் சட்டமாக்கியது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் நடந்த தேர்தலில் காங்கிரஸ் சென்னையில் ஆட்சியை இழந்தது. சி. சுப்பிரமணியமே கோபிச்செட்டிபாளையத்தில் தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார். ஆட்சி கவிழ்ந்தது, நாடு கவிழவில்லை.

இரு நாடுகளிலும் பிரிவினைக் கோரிக்கையைத் தடுக்கச் சட்டம் இயற்றப்பட்டதும் உண்டு. இந்தியாவில் 1963 இல் வந்த பதினாறாம் திருத்தம், தேர்தலில் நிற்பவர் நாட்டின் ஒருமைப்பாட்டைக் காப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும் என்றது. தி.மு.க. திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டுத் தேர்தலில் நின்றது. நான்கே ஆண்டுகளில் கோட்டையில் அமர்ந்தது. இலங்கையில் 1983 ஆகஸ்டில் வந்த ஆறாம் திருத்தமும் ஏறத்தாழ இதே உறுதிமொழியைக் கேட்டது. ஆனால் அது வந்தது ஜூலைப் படுகொலைகளின் சூடு ஆறுமுன். அதை ஏற்க மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் நாடாளுமன்ற இடங்களை இழந்தனர். பேசும் இடம் மூடப்பட்டபின் ஆயுதம் ஏந்தியோரே எஞ்சினர். 2009 மே வரை நீண்ட போர் நாம் அறிந்ததே. சட்டங்கள் ஏறத்தாழ ஒன்றுபோல்தான் இருந்தன. ஒன்று உறுதிமொழி கேட்டபின்பும் வாசலைத் திறந்து வைத்திருந்தது. மற்றது வாசலை அடைத்தது.

ஆட்சி நிலைப்பைப் பொறுத்தவரை இலங்கையே நம்மை விஞ்சியிருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1977 இல் ஐக்கிய தேசியக் கட்சி 168 இடங்களில் 140 ஐ வென்றது. நாடாளுமன்றத்தின் தயவில் நில்லாத உறுதியான நிர்வாகம் வேண்டும் என்று நெடுங்காலம் வாதிட்ட ஜெயவர்த்தனா, 1978 இல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதியாய் அமர்ந்தார். 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாக வாக்கெடுப்பு நடத்தி நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டுகள் நீட்டினார். அதனினும் நிலைத்த ஆட்சியை யார் கற்பனை செய்ய இயலும்? ஏழே மாதங்களில் கொழும்பு எரிந்தது. பிற்காலத்தில் கோட்டாபய ராஜபக்ச 2020 இல் இருபதாம் திருத்தத்தால் மேலும் அதிகாரங்களைத் திரட்டினார். 2022 ஜூலையில் நாட்டைவிட்டே தப்பியோடினார்.

இந்தியாவிலோ 1996, 1998, 1999 என நான்காண்டுகளுக்குள் மூன்று பொதுத்தேர்தல்கள். ஒரு பிரதமரின் ஆட்சி பதின்மூன்று நாள்கள். அவரே மீண்டும் அமைத்த ஆட்சி ஒரே வாக்கில் கவிழ்ந்தது. எனினும் கோவையில் பஞ்சாலைகள் ஓடின, தபால் வந்தது, நீதிமன்றம் கூடியது. மொழிப் பிளவுள்ள பெல்ஜியமும் 2010 தேர்தலுக்குப்பின் 541 நாள்கள் முறையான அரசு இன்றி இருந்தது, உடைந்துவிடவில்லை. பாகிஸ்தானில் படைத்தலைவர்கள் உறுதியாக ஆண்டனர். 1970 தேர்தல் முடிவை மதிக்க மறுத்ததால் 1971 இல் நாடு இரண்டானது.

இதனால் இந்தியா குற்றமற்றது என்று நாம் கூறவரவில்லை. 1975 இன் நெருக்கடி நிலையும், 356 ஆம் பிரிவால் கலைக்கப்பட்ட மாநில அரசுகளும், காஷ்மீரும் மணிப்பூரும் நம் கண்முன் உள்ளன. எல்லாவற்றினும் நம்மை உறுத்துவது வேறொன்று. 1965 பிப்ரவரியில் தமிழகத்துக்கு உறுதிமொழி தந்த அதே சாஸ்திரிதான், அதற்கு நான்கு மாதங்களுக்குள், 1964 அக்டோபர் 30 அன்று, சிறிமாவோவுடன் உடன்படிக்கையில் கையொப்பமிட்டார். நாடற்றோர் 9,75,000 பேர் எனக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என இரு அரசுகளும் பங்கிட்டன. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் பாதிக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. பங்கிடப்பட்டோரின் இசைவை எவரும் கேட்கவில்லை. பொள்ளாச்சியின் இளைஞர்களுக்குச் செவிசாய்த்த அரசு, மலையகத் தொழிலாளிக்கு ஏன் செவிசாய்க்கவில்லை? பொள்ளாச்சியில் வாக்கு இருந்தது. மலையகத்தில் அது பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே பறிக்கப்பட்டிருந்தது. நமக்குத் தெரிந்தவரை விடை இதுதான்.

அப்படி வந்தோருக்காகவே தமிழக அரசு 1968 இல் நீலகிரியில் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் 'டான்டீ' எனப்பட்ட அக்கழகத்தின் தோட்டங்கள் வால்பாறையிலும் உள்ளன. இலங்கையில் எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்க்க 2003 இல்தான் சட்டம் வந்தது. 1948 இல் செய்த தவற்றைத் திருத்த ஐம்பத்தைந்து ஆண்டுகள்.

ஆகவே, ஒரு நாடு நிலைக்குமா என்று அறிய, அதன் தலைவர் எத்தனை ஆண்டு ஆண்டார் என்று எண்ணிப் பயனில்லை. அங்கே எண்ணிக்கையில் சிறியவர், தம்மை ஆள்வோரை மாற்ற வழி உண்டா என்று பார்க்க வேண்டும். இவ்வளவுகோலை அயலாருக்கு மட்டும் நீட்டுவது நேர்மையன்று. போரால் துரத்தப்பட்டு வந்த ஈழத்தமிழர் பல்லாண்டுகளாய் வாழும் முகாம்கள் நம் கொங்கு மண்ணிலும் உண்டு. பவானிசாகர் முகாம் நாம் அறிந்தது. 2021 இல் அவற்றின் பெயர் 'மறுவாழ்வு முகாம்' என மாறியது. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, நம் வகுப்பறைகளில் அமரும் பிள்ளைகள் அங்கிருந்து வருகிறார்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. தேர்தல் நாளில் நாம் விரலில் மை இட்டுக்கொண்டு திரும்பும்போது, அவர்களுள் எத்தனையோ பேருக்கு அந்த வரிசையில் நிற்க உரிமை இல்லை என்பதையும் நினைத்துக்கொள்வோம்.