தூண்டில் போடலாமா, கயாக் ஓட்டலாமா? சிங்கப்பூரில் எங்கே எதற்கு அனுமதி?

சனிக்கிழமை காலை. கையில் புதுத் தூண்டில். புளோக்குக்குப் பக்கத்திலேயே கால்வாய். மீன் துள்ளுவது கண்ணுக்கே தெரிகிறது. "இங்கேயே போட்டா என்ன?" என்று தோன்றும்.

போட்டால் அபராதம் வரலாம். அதே தூண்டிலோடு பஸ் ஏறி பிடோக் நீர்த்தேக்கத்தில் ஒதுக்கப்பட்ட இடத்துக்குப் போனால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போட உரிமம்கூட வேண்டாம்.

தண்ணீர் எல்லாம் ஒன்றுதானே, ஏன் இந்த வேறுபாடு?

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது?

சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு, மழைநீர் சேகரிக்கும் பகுதி. அங்கே பெய்யும் மழை கால்வாய், ஆறு வழியாக 17 நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது. சுத்திகரித்த பிறகு நம் வீட்டுக் குழாயில் வருகிறது.

மரினா பேயும் அப்படித்தான். ஒரு காலத்தில் அது கடல். 2008இல் மரினா அணைக்கட்டு திறக்கப்பட்ட பிறகு மெல்ல மெல்ல உப்பு போய் நன்னீர் ஆனது. இன்று அங்கே கயாக் ஓட்டுபவர் குடிதண்ணீர் மேல்தான் துடுப்புப் போடுகிறார்!

நீர்த்தேக்கத்தில் எங்கே மீன் பிடிக்கலாம்?

நீர்த்தேக்கங்களைப் பார்த்துக்கொள்வது பொதுப் பயனீட்டுக் கழகம். அறிவிப்புப் பலகை உள்ள குறிப்பிட்ட கரைகளில் மட்டுமே அனுமதி. தெரிந்த சில இடங்கள்:

- பிடோக், லோயர் சிலேத்தார்: எம்ஆர்டி, பஸ் வசதி உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ஏற்றவை.
- கிராஞ்சி: கொஞ்சம் தூரம், ஆனால் அமைதி.
- மெக்ரிட்சி, லோயர் பியர்ஸ்: காட்டை ஒட்டியவை. குரங்குகள் உங்கள் பையை நோட்டம் விடும், கவனம்!
- ஜூரோங் ஏரி, பாண்டான்: மேற்கில் இருப்பவர்களுக்குப் பக்கம்.

முக்கியமான விதி: செயற்கை இரை மட்டும்தான். மண்புழு, இறால், ரொட்டி எல்லாம் கூடாது. அவை தண்ணீரைக் கெடுக்கும். விதியை மீறினால் 3,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கப்படலாம்.

சிக்குவது என்ன மீன்? பெரும்பாலும் பீகாக் பாஸ், தோமான். பீகாக் பாஸ் தென்னமெரிக்காவைச் சேர்ந்தது. தோமான், நம்ம ஊர் விராலுக்குச் சொந்தக்கார மீன். வெளியிலிருந்து வந்து பெருகிய மீன்கள் உள்ளூர் மீன்களைத் தின்று தீர்க்கும். அதனால் வீட்டுத் தொட்டி மீனைப் "பாவம், பிழைச்சுப் போகட்டும்" என்று நீர்த்தேக்கத்தில் விடாதீர்கள். அது புண்ணியம் இல்லை, சட்டப்படி குற்றம்.

கடலோரத்தில் எங்கே?

இங்கே உயிர் இரைக்குப் பொதுவாகத் தடை இல்லை. கடலோரப் பூங்காக்கள் பல தேசியப் பூங்காக் கழகத்தின் பொறுப்பில் உள்ளன. அனுமதி எங்கே என்பதை அங்குள்ள பலகை சொல்லும்.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவின் பிடோக் படகுத்துறை எல்லாருக்கும் தெரிந்த இடம். இரவு முழுக்க விளக்கைக் கட்டிக்கொண்டு தாத்தாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். எந்த நேரத்தில் எந்த மீன் வரும் என்று அவர்களிடம் கேளுங்கள், எந்தச் செயலியிலும் அது கிடைக்காது. செம்பவாங் பூங்கா, பாசிர் ரிஸ், பொங்கோல் பாயிண்ட், லேப்ரடார் பக்கமும் போகலாம்.

சிஸ்டர்ஸ் தீவுகள் கடற்பூங்காவில் மட்டும் தூண்டிலை எடுக்கவே வேண்டாம். அது பவளப் பாறைகளுக்கான பாதுகாப்புப் பகுதி.

கயாக் ஓட்ட எங்கே போகலாம்?

முதல் முறையா? அலை இல்லாத நீர்த்தேக்கத்தில் தொடங்குங்கள். மெக்ரிட்சி, பிடோக், ஜூரோங் லேக் கார்டன்ஸ், காலாங் பேசின், மரினா பே ஆகிய இடங்களில் கயாக் வாடகைக்குக் கிடைக்கும். மக்கள் கழகத்தின் பேஷன் வேவ் நிலையங்களில் வகுப்புகளும் உண்டு. அடிப்படைத் தேர்ச்சிக்கு '1 ஸ்டார்' சான்றிதழ் இருக்கிறது. அது இருந்தால் வாடகைக்கு எடுப்பது சுலபம்.

கை பழகிய பிறகு கடலுக்குப் போகலாம். ஈஸ்ட் கோஸ்ட், பாசிர் ரிஸ், செம்பவாங்கிலும் பேஷன் வேவ் உண்டு. புலாவ் உபின், காத்திப் போங்சு சதுப்புநிலக் காடுகளுக்கு வழிகாட்டியோடு போவது நல்லது. கடல்நீர் வற்றும் நேரம் தெரியாமல் உள்ளே போனால் சேற்றில் மாட்டிக்கொண்டு, நீர் ஏறும் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்! கப்பல் செல்லும் பாதைக்குப் பக்கத்தில்கூடப் போகாதீர்கள். அவ்வளவு பெரிய கப்பலால் சட்டென்று நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

இடி கேட்டால்?

உடனே கரைக்கு வாருங்கள். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று இழுக்கக்கூடாது. திறந்த நீர்ப்பரப்பில் உயரமாகத் தெரிவது நீங்கள்தான். கார்பன் ஃபைபர் தூண்டிற்கோலில் மின்சாரம் பாயும். அதைக் கீழே வைத்துவிட்டுக் கட்டடத்துக்குள் செல்லுங்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை அதிகாலையில் 'சுமத்ரா' சூறைக்காற்று திடீரென்று வீசலாம். மைஈஎன்வி செயலியில் மின்னல் நிலவரம் பார்க்கலாம்.

கிளம்புமுன் ஒரு வார்த்தை

அறுந்த நரம்பையும் கொக்கியையும் கரையில் விட்டுவிட்டு வராதீர்கள். நீர்நாய்கள் கொக்கி குத்திக் காயமடைந்த சம்பவங்கள் இங்கே நடந்திருக்கின்றன. நாரையின் காலில் நரம்பு சுற்றினால் அதனால் அவிழ்க்க முடியாது. சின்னப் பை ஒன்று கொண்டுபோனால் போதும்.

- இது யாருடைய பொறுப்பில் உள்ள தண்ணீர்? பலகையைப் படியுங்கள்.
- எந்த இரை? நீர்த்தேக்கம் என்றால் செயற்கை மட்டும்.
- கயாக் என்றால் உயிர்காப்பு அங்கி கட்டாயம், நீச்சல் தெரிந்தாலும்.
- முள்ளுள்ள கெளுத்தி சிக்கினால் வெறும் கையால் தொடாதீர்கள். அந்த முள்ளில் விஷம் உண்டு.
- பராமரிப்புக்காக இடம் மூடியிருக்கலாம். கழக இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் புறப்படுங்கள்.

மீன் சிக்காவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த முறை குழாயைத் திறக்கும்போது அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.