துடைத்த கையின் தடம்

ராஜ்யங்களின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் சரித்திரம் எழுதப் பண்டிதர்கள் இருக்கிறார்கள். கீறலுக்குச் சரித்திரம் எழுத யார் இருக்கிறார்கள்? நானாவது எழுதலாமே என்று தோன்றியது. மோட்டார் வண்டியின் பிளாஸ்டிக் ஜன்னலில் விழும் கீறலைத்தான் சொல்கிறேன். இது என்ன அற்ப விஷயம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கீறலில் மனித உயிர் ஊசலாடிய காலமும் உண்டு.

ஆதி நாளைய மோட்டார்களில் பெரும்பாலானவை திறந்த வண்டிகள். 1908-ல் பிறந்த ஃபோர்டு மாடல் டி வண்டியில் மழை வந்தால் பக்கங்களில் துணித் திரையை மாட்டிக்கொள்ள வேண்டும். வெளியே பார்ப்பதற்காக அந்தத் திரையில் செல்லுலாய்டுத் துண்டைத் தைத்திருப்பார்கள். தந்தத்துக்கு மாற்றுத் தேடிப் புறப்பட்ட ஜான் வெஸ்லி ஹயாட் என்ற அமெரிக்கர் 1870-ல் காப்புரிமை பெற்ற சரக்கு அது. வளையும், கண்ணாடியைப்போல் சிதறாது. ஆனால் வெயிலில் மஞ்சளித்துப் போகும். தூசியோடு சுருட்டி வைத்தால் உடம்பெல்லாம் கீறல். நெருப்புப் பட்டாலோ, குபீரென்று பற்றிக்கொள்ளும்!

1930-களில் அக்ரிலிக் வந்தது. ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்றும் இங்கிலாந்தில் பெர்ஸ்பெக்ஸ் என்றும் பெயர் வைத்தார்கள். ஸ்படிகம் போன்ற தெளிவு. கண்ணாடியில் பாதிதான் கனம். ஆகாய விமானத்துக்கு வேறென்ன வேண்டும்? 1940-ல் இங்கிலாந்தின் வானத்தில் போரிட்ட ஸ்பிட்ஃபயர் விமானிகளின் தலைக்கு மேல் பெர்ஸ்பெக்ஸ் கவிகைதான் இருந்தது. தொலைவில் வரும் எதிரி விமானம் முதலில் ஒரு புள்ளியாகத்தான் தெரியும். கவிகையில் இருக்கும் அழுக்கும் ஒரு புள்ளிதான். கீறலும் ஒரு புள்ளிதான். எது யமன், எது தூசி என்று தீர்மானிக்கச் சில விநாடிகளே அவகாசம். ஆகவே தரையிலிருந்த சிப்பந்திகள் இயந்திரத் துப்பாக்கிக்குக் குண்டு நிரப்புகிற அதே சிரத்தையோடு அந்தக் கவிகையைத் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள்.

இதிலே ஒரு வேடிக்கை. கீறல் எங்கிருந்து வருகிறது? 1812-ல் ஃப்ரீட்ரிக் மோஸ் என்பவர் தாதுப் பொருள்களின் கடினத்துக்கு 1 முதல் 10 வரை படி வகுத்தார். மணலில் இருக்கும் படிகக்கல் 7-ஆம் படி. சாதாரணக் கண்ணாடி ஐந்தரை. அக்ரிலிக்கோ மூன்றைத் தாண்டுவதே கஷ்டம். தெருத் தூசியில் மணல் பொடி கலந்திருக்கிறது. தூசி ஜன்னல்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும்வரை பாதகமில்லை. 'ஐயோ, அழுக்காயிற்றே' என்று நாம் உலர்ந்த துணியை எடுத்து ஒரு தேய்ப்புத் தேய்க்கிறோமே, அப்போதுதான் மணல் உளியாகிறது. ரஸ்தா செய்யாத தீங்கை அன்பான கை செய்துவிடுகிறது!

முதலில் நிறையத் தண்ணீர் விட்டு, தூசியை ஓடவிட வேண்டும். பிறகு சோப்பு நீரில் நனைத்த மெல்லிய பருத்தித் துணி. பெட்ரோலும் தின்னரும் கிட்டே வரக் கூடாது. அக்ரிலிக்கில் அவை மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கிவிடும். கீறலின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தடுக்காவிட்டால் மெருகுப் பசையே போதும். தடுக்கினால், தகடு கெட்டியானதாகவும் இருந்தால், வாட்டர் பேப்பரைத் தண்ணீரில் நனைத்து, 600, 1000, 2000 என்று வரவர நைஸான தாளாகத் தேய்த்து, கடைசியில் மெருகு போடுவார்கள். கீறலை யாரும் நிரப்புவதில்லை என்பதைக் கவனியுங்கள். பள்ளத்தின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள மேட்டையெல்லாம் இறக்குகிறார்கள். ஒரு பெரிய கீறலை அழித்து, வெளிச்சத்தின் கண்ணுக்கே அகப்படாத கோடிக் கீறல்களை அங்கே வைக்கிறார்கள். அவசரப்பட்டு ஒரே இடத்தில் தேய்த்தால் குழி விழுந்து எதிரே வருகிற உருவம் கோணலாகும்.

யுத்தம் முடிந்த பிறகு ஆங்கிலேயரின் திறந்த மோட்டார்கள் பிளாஸ்டிக்கைச் சுவீகாரம் எடுத்துக்கொண்டன. 1953-ல் வந்த டிரையம்ஃப் டி.ஆர்.2 வண்டியில் ஜன்னல்களைக் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளலாம். வைத்த இடத்தில் ஒன்றோடொன்று உரசினால் கேட்க வேண்டுமா? இரவில் எதிர் வண்டியின் விளக்கு பட்டதும் ஒவ்வொரு கீறலும் வெள்ளி இழையாக மின்னும். நடுவில் நடந்து போகிறவன் மறைந்துபோவான். 1961-ல் டி.ஆர்.4, 1962-ல் எம்.ஜி.பி. ஆகியவற்றில் சுற்றி இறக்கும் கண்ணாடி ஜன்னல்கள் வந்தன. ஆனாலும் துணிக் கூரையின் பின் ஜன்னலில் பிளாஸ்டிக் நீடித்தது. 1989-ல் வந்த மஸ்தா எம்.எக்ஸ்.5 வண்டியில் கூட அதுதான்.

வண்டியின் முன் கண்ணாடியை மட்டும் பிளாஸ்டிக் தனியாக வென்றதே இல்லை. 1903-ல் பிரான்சில் எத்வார் பெனெதிக்தூஸ் என்ற ரசாயன நிபுணரின் குடுவை ஒன்று கீழே விழுந்தது. விரிசல் கண்டது, சிதறவில்லை. உள்ளே ஒட்டியிருந்த செல்லுலோஸ் படலம் சில்லுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1909-ல் அவர் காப்புரிமை பெற்றார். இன்றைய முன் கண்ணாடியும் அந்த வம்சந்தான்: இரு பக்கமும் கண்ணாடி, நடுவில் பிளாஸ்டிக். கீறலைத் தாங்குகிறவன் வெளியே நிற்கிறான். உடையாதவன் உள்ளே இருந்து பிடித்துக்கொள்கிறான். நம் குடும்பங்களிலும் இப்படி இரண்டு பேர் இருந்தால்தான் காலம் தள்ள முடிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.