ஒமேகா சென்டாரி

பால்வீதியில் உள்ள கோளக விண்மீன் கொத்துகளில் மிகப் பெரியது ஒமேகா சென்டாரி. சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இதை, 1603இல் யோஹான் பாயர் ஒற்றை விண்மீனாக எண்ணி ஒமேகா என்ற எழுத்திட்டார். 1677இல் செயின்ட் ஹெலினா தீவிலிருந்து பார்த்த எட்மண்ட் ஹாலிதான் அதை மங்கலான ஒளித்திட்டு என்று குறித்தார். அடுத்து வந்த தவறு இன்னும் பிடிவாதமானது. ஒரு கொத்தின் விண்மீன்கள் எல்லாம் ஒரே வாயு மேகத்தில், ஒரே சமயத்தில், ஒரே வேதிக்கலவையோடு பிறந்தவை என்பதே இருபதாம் நூற்றாண்டின் பாடம். கொத்துகளின் வயதைக் கணிக்கும் முறையே அதன்மேல் நின்றதால் அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. 1960களில் நிறத்தையும் ஒளிர்வையும் குறிக்கும் வரைபடத்தில் இக்கொத்தின் செம்பெருமீன் வரிசை கோடாக இல்லாமல் பட்டையாக அகன்று தெரிந்தபோதும், அளவீட்டுப் பிழை என்று ஒதுக்க இடமிருந்தது. 1975இல் வானியலாளர்கள் ஃப்ரீமனும் ரோட்ஜர்ஸும் இதன் துடிக்கும் விண்மீன்களில் கால்சியம் ஆளுக்கு ஆள் மாறுவதைக் காட்டிய பிறகு அந்தச் சாக்கு எடுபடவில்லை.

வேறு கொத்துகளில் இன்னொரு விந்தை தெரிந்தது: சோடியம் கூடிய விண்மீனில் ஆக்சிஜன் குறைந்திருந்தது. முதுமையடைந்த விண்மீன் தன் வயிற்றில் வெந்ததை மேலே கொண்டுவருகிறது, அவ்வளவுதான் என்றனர் மறுப்பவர்கள். 2001இல் கிராட்டன் குழு என்ஜிசி 6752 கொத்தில், முதுமை எட்டாத விண்மீன்களிலும் அதே கோலத்தைக் கண்டது. சோடியத்தை ஆக்கும் வெப்பம் அவற்றின் மையத்தில் கிடையாது. அடுப்பே மூட்டாத வீட்டில் சோறு இருந்தால் அது வேறெங்கோ வெந்ததுதான்.

2004இல் ஹபிள் தொலைநோக்கியின் படங்கள் ஒமேகா சென்டாரியின் முதன்மைத் தொடரையே (மையத்தில் ஹைட்ரஜனை எரிக்கும் விண்மீன்கள் அதே வரைபடத்தில் அமையும் கோட்டையே) இரண்டாகப் பிரித்துக் காட்டின. இரும்பு கூடினால் விண்மீன் சிவக்க வேண்டும். மறுவருடம் பியோட்டோ குழு நீலக் கிளையில் 17, சிவப்புக் கிளையில் 17 விண்மீன்களின் நிறமாலைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நீலக் கிளையில்தான் இரும்பு இரட்டிப்பாக இருந்தது. இந்தத் தலைகீழுக்குப் பொருந்திய விளக்கம் ஹீலியம்: எடையில் சுமார் 40 விழுக்காடு. பெருவெடிப்பு தந்தது சுமார் 25 விழுக்காடு மட்டுமே.

ஒமேகா சென்டாரி, பால்வீதியால் விழுங்கப்பட்ட குறுமண்டலம் ஒன்றின் கரு, ஆகவே விதிவிலக்கு என்பார்கள். இரும்பைப் பொறுத்தவரை அது சரியாகவே இருக்கலாம். சூப்பர்நோவா வீசியதைப் பிடித்துவைக்கப் பேரீர்ப்பு தேவை. ஆனால் இரும்பு ஏறத்தாழ ஒரே அளவில் உள்ள என்ஜிசி 2808 கொத்திலும் 2007இல் மூன்று முதன்மைத் தொடர்கள் வெளிப்பட்டன. இரும்புக் கணக்கு வேறு, ஹீலியக் கணக்கு வேறு.

அந்த ஹீலியத்தைச் சமைத்தது யார்? முதல் தலைமுறைப் பெருமீன்கள் உமிழ்ந்த வாயுவிலிருந்து இரண்டாம் தலைமுறை பிறந்தது என்ற விளக்கமே பரவலானது. ஆனால் பெரிய கொத்துகளில் இப்படிச் செறிவூட்டப்பட்ட விண்மீன்கள்தாம் பெரும்பான்மை. உமிழ்ந்த வாயுவோ சொற்பம். கொத்து ஆதியில் பத்து மடங்குக்கும் மேல் பெரிதாயிருந்து முதல் தலைமுறையைப் பெரும்பாலும் இழந்தது என்று சொல்லிச் சமாளித்தனர். அப்படி உதிர்ந்தவை எங்கே? ஃபோர்நாக்ஸ் குறுமண்டலத்தில் லார்சன் குழு 2012இல் கொத்துகளுக்கு வெளியே உள்ள விண்மீன்களைக் கணக்கிட்டுப் பார்த்ததில், அங்குள்ள கொத்துகள் முன்பு நான்கைந்து மடங்குக்கு மேல் பெரிதாயிருக்க இடமில்லை. எனவே ‘தலைமுறை’ என்ற சொல்லே சான்றுக்கு முந்தி ஓடுகிறது. கொத்து உருவாகும்போதே நடுவில் ஒரு மீப்பெருமீன் திரண்டு உடன்பிறப்புகளின் வாயுவை மாற்றியது என்ற 2014ஆம் ஆண்டுக் கருத்து வேதிக்கோலத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் சூரியனைப்போல் 10,000 மடங்கு எடையுள்ள அத்தகைய விண்மீன் இன்றைய பால்வீதியில் எங்கும் காணக் கிடைப்பதில்லை.